ஃபோம் விமானம் தள்ளாடினால்: கோளாறு தேடும் வரிசை

ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி வீட்டிலேயே செய்த ரேடியோ விமானம் முதல் பறப்பிலேயே நேராகப் போவது அபூர்வம். மூக்கைத் தூக்கும், ஒரு பக்கம் சாயும், வாலை ஆட்டும், திரும்பும்போது இறக்கை கவிழ்ந்து தரையில் குத்தும். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை நான்கே இடங்களிலிருந்து வருகின்றன: எடை மையம், இறக்கையின் முறுக்கு, வாலின் கோணம், மோட்டாரின் கோணம். தேடுவதும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். எடை மையம் தவறாக இருக்கும் விமானத்தில் மோட்டார் கோணத்தைத் திருத்துவது வீண்வேலை. இன்னொரு விதியும் உண்டு. ஒரு பறப்புக்கும் அடுத்த பறப்புக்கும் இடையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

கணக்குகள் விளங்குவதற்காக இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விமானம் எடுத்துக்காட்டாக வருகிறது. அதன் இறக்கை முனைக்கு முனை 1 மீட்டர், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 180 மி.மீ. மூன்று செல் லைப்போ பேட்டரியுடன் சேர்த்து மொத்த எடை 700 கிராம். அதில் பேட்டரி மட்டும் 180 கிராம்.

இடமும் நேரமும்

பினாங்கில் விமானம் விட இடம் தேடுவது விமானம் செய்வதைவிடக் கடினம். தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருக்கிறது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி, விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துக்குள்ளோ தரையிலிருந்து 400 அடிக்கு மேலோ ஆளில்லா விமானம் பறக்கவிட அனுமதி தேவை. சோதனைப் பறப்புக்குப் போகும் முன் அந்த இடத்துக்கு என்ன நிபந்தனை என்று மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுனின் கடற்கரைத் திடல் பரந்து கிடப்பதைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் நடப்போரும் குழந்தைகளும் கூடும் அந்த இடத்தில் தள்ளாடும் விமானத்தைச் சோதிப்பது கூடவே கூடாது.

அறுவடை முடிந்த நெல்வயல்தான் சோதனைக்கு ஏற்ற தரை. தாள் மெத்தென்றிருக்கும், விழுந்தாலும் மூக்கு நசுங்குமே தவிர உடல் உடையாது. பாலிக் பூலாவ் பக்கமும் செபராங் பிறையிலும் இத்தகைய வயல்கள் உள்ளன. வயலுக்குச் சொந்தக்காரரின் சம்மதம் வாங்க வேண்டும். மின்கம்பி, வாய்க்கால், பக்கத்துச் சாலை எங்கே இருக்கின்றன என்பதையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

பாதுகாப்பு:

1. மேசையில் செய்யும் எல்லாச் சோதனைக்கும் புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். சிறிய ஃபோம் விமானத்தின் புரொப்பெல்லர்கூட விரலை எலும்புவரை வெட்டும்.
2. டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, பிறகே விமானத்தில் பேட்டரியைச் சொருக வேண்டும். அணைக்கும்போது இதன் தலைகீழ் வரிசை.
3. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரை அமைக்க வேண்டும். புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து இதை உறுதிசெய்யலாம்.
4. மோதி விழுந்த பேட்டரியை உடனே மறுபடி மின்னேற்றக் கூடாது. தீப்பிடிக்காத தரையில், வெட்டவெளியில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.
5. மின்கம்பியில் மாட்டிய விமானத்தைக் கம்பு கொண்டு எடுக்க முயலக் கூடாது. அது போனது போனதுதான்.

முதல் படி: எடை மையம்

மூக்குப் பக்கம் கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும். வால் பக்கம் கனத்த விமானம் பறக்கவே பறக்காது. புதிதாகச் செய்தவரின் விமானம் பெரும்பாலும் இரண்டாவது வகையாகவே இருக்கும். காரணம், பசையும் டேப்பும் வாலில் தாராளமாக ஏறிவிடுகின்றன. வால் இறக்கையிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கே ஏறும் 5 கிராம் மூக்கில் ஏறும் 5 கிராமைவிட அதிகமாகப் பேசும்.

நேர்விளிம்பு இறக்கைக்கு எடை மையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 33 சதவீதத்துக்குள் அமைய வேண்டும். எடுத்துக்காட்டு விமானத்தில் அது 45 முதல் 59 மி.மீ. வரை. முதல் பறப்புக்கு 50 மி.மீ. பாதுகாப்பான இடம். வாலில்லாத பறக்கும் இறக்கை வகைக்கு இது பொருந்தாது. அதற்குச் சராசரி அகலத்தின் 15 முதல் 20 சதவீதம்தான் வரம்பு.

செய்முறை:

1. பறக்கும் நிலையில் எல்லாவற்றையும் பொருத்த வேண்டும்: பேட்டரி, புரொப்பெல்லர், மூடி, கடைசி டேப் துண்டு உட்பட.
2. இறக்கையின் அடியில், உடலின் இரு பக்கமும், முன்விளிம்பிலிருந்து 50 மி.மீ. அளந்து கோடு போட வேண்டும்.
3. இரு விரல்நுனிகளை அந்தக் கோட்டில் வைத்து விமானத்தைத் தூக்க வேண்டும். காற்றாடியை அணைத்த அறையில் செய்வது நல்லது.
4. மூக்கு மட்டத்திலோ மிகச் சற்றே கீழாகவோ நின்றால் சரி. வால் தொங்கினால் பறக்கவிடக் கூடாது.
5. அடுத்ததாக, மோட்டார் தண்டையும் வாலின் நடுவையும் பிடித்துத் தூக்கினால் இறக்கைகள் இரண்டும் மட்டமாக நிற்கின்றனவா என்று தெரியும். கனத்த பக்கம் தாழும். எதிர் இறக்கையின் முனையில் நாணயம் ஒட்டிச் சரிசெய்யலாம். 10 சென் நாணயம் சுமார் 3 கிராம்.

வால் கனத்தால் முதலில் பேட்டரியை முன்னே தள்ள வேண்டும்; கூடுதல் எடை சேர்ப்பது கடைசி வழி. கணக்கு எளிது. பேட்டரியின் எடையை அது நகரும் தூரத்தால் பெருக்கி, விமானத்தின் மொத்த எடையால் வகுத்தால் மையம் எவ்வளவு நகரும் என்று வரும். 180 கிராம் பேட்டரியை 40 மி.மீ. முன்னே தள்ளினால் 180 × 40 ÷ 700, அதாவது ஏறக்குறைய 10 மி.மீ. மையம் முன்னே வரும். பேட்டரிக்கு இடமில்லாமல் போய், மையத்துக்கு 250 மி.மீ. முன்னால் உள்ள மூக்கில் எடை சேர்த்தால் அதே பலனுக்குச் சுமார் 30 கிராம் வேண்டும். பத்து 10 சென் நாணயம் மூக்கில் ஏறுகிறது என்றால் வாலை மறுபடி செய்வதே புத்திசாலித்தனம்.

குறிப்பு: பேட்டரி அமரும் இடத்தை மார்க்கர் பேனாவால் உடலில் கோடிட்டு வைக்க வேண்டும். வெல்க்ரோ பட்டை மட்டும் போதாது. குறுக்கே ஒரு பட்டையும் கட்ட வேண்டும். பறக்கும்போது பேட்டரி பின்னே நழுவினால் மையமும் கூடவே நழுவும்.

இரண்டாம் படி: இறக்கை முறுக்கு

தரையில் கண்ணுக்கே தெரியாத 3 மி.மீ. முறுக்கு, வானில் விமானத்தை ஒரே பக்கம் உருட்டிக்கொண்டே இருக்கும். பினாங்கு வெயிலில் இது இன்னும் முக்கியம். நிறுத்தி வைத்த காரின் பின்கண்ணாடி அருகே விமானத்தை வைத்தால், ஃபோம் இளகுவதற்கு முன்பே அதை ஒட்டிய சூடுபசை இளகிவிடும். பிறகு மாலையில் குளிரும்போது, எந்தக் கோணத்தில் சாய்ந்து கிடந்ததோ அந்தக் கோணத்திலேயே பசை இறுகும். நேற்று நன்றாகப் பறந்த விமானம் இன்று இடப்பக்கம் சாய்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது அது மதியம் எங்கே இருந்தது என்பதே.

காகிதம் ஒட்டிய ஃபோம் அட்டைக்கு ஈரப்பதம் இன்னொரு எதிரி. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் அந்த அட்டையின் காகிதம் ஈரத்தில் உப்பி, ஒரு பக்கம் மட்டும் நீண்டு, இறக்கையை வளைத்துவிடும். வெட்டுவிளிம்புகளை டேப்பால் மூடி, மேற்பரப்பில் நீர்சார் வார்னிஷ் மெல்லிதாகப் பூசினால் இது பெரும்பாலும் வராது. இரு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வார்னிஷே வளைத்துவிடும்.

முறுக்கைக் கண்டுபிடிக்க:

1. விமானத்தைச் சமதரையில் வைத்து, இரண்டு மீட்டர் பின்னால் போய், கண்ணை வால் மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.
2. இரு இறக்கையின் முனைகளிலும் பின்விளிம்பை ஒட்டி ஓர் இரும்பு அளவுகோலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை ஒப்பிட வேண்டும். முன்விளிம்புக்கும் அப்படியே.
3. இரு முனைகளிலும் பின்விளிம்பு 2 மி.மீ. மேலே வளைந்திருந்தால் அதைத் திருத்த வேண்டாம். மெதுவாகப் பறக்கும்போது அது நன்மையே செய்யும். ஒரு முனை மட்டும் மாறியிருந்தால்தான் கோளாறு.

திருத்துவதற்கு வெறும் ஃபோம் என்றால் முடி உலர்த்தும் கருவியின் மிதமான சூடு போதும். எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, சூடுகாட்டி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். காகிதம் ஒட்டிய அட்டையில் சூடு காட்டினால் காகிதம் உரிந்துவிடும். அங்கே மடிப்பை அறுத்து, நேராக்கி, புதிதாகப் பசையிட்டு எடை வைத்து அமுக்க வேண்டும்.

இறக்கையே தளர்வாக இருந்து பறக்கும்போது முறுக்கிக்கொள்வதும் உண்டு. முனையைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்த்தால் தெரியும். கார்பன் குழாய் இல்லாதவர் இறக்கையின் அடியில் கீறல் போட்டு, சாத்தே குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று பாதியளவு படியும்படி வரிசையாகப் பதித்து ஒட்டலாம். இந்தச் சிறிய இறக்கைக்கு மூங்கில் நன்றாகவே தாங்கும். சாதாரண சூப்பர் குளூவைத் தொடக் கூடாது; பாலிஸ்டைரீன் ஃபோமை அது தின்றுவிடும்.

மூன்றாம் படி: வாலும் அசையும் பரப்புகளும்

வால், இறக்கையைவிடச் சற்றே குறைந்த கோணத்தில் இருக்க வேண்டும். 1 முதல் 2 டிகிரி வித்தியாசம் போதும். பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் பெனோ 1871இல் ரப்பர் பட்டையால் இயங்கும் சிறு விமானத்தை இந்த உபாயத்தால்தான் கைபடாமல் நேராகப் பறக்கவைத்தார். அடிப்படை இன்றும் மாறவில்லை.

கிடைவாலின் பரப்பு இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும். பின்னால் நின்று பார்த்தால் அது இறக்கைக்கு இணையாகவும் செங்குத்து வால் அதற்கு நேர்குத்தாகவும் தெரிய வேண்டும்.

அசையும் பரப்புகளுக்கு, விமானத்தின் பின்னால் நின்று இந்த வரிசையில் சோதிக்கலாம்:

1. வலப்பக்கம் உருட்டும் கட்டளைக்கு வல எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பரப்பு) மேலே எழ வேண்டும்.
2. டிரான்ஸ்மிட்டர் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் (கிடைவாலின் அசையும் பரப்பு) மேலே எழ வேண்டும்.
3. வல ரட்டர் கட்டளைக்கு ரட்டர் (செங்குத்து வாலின் அசையும் பரப்பு) வலப்பக்கம் திரும்ப வேண்டும்.
4. குச்சியை விட்டதும் ஒவ்வொரு பரப்பும் அதே நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். மேலிருந்து திரும்பும்போது ஓரிடமும் கீழிருந்து திரும்பும்போது வேறோரிடமும் நின்றால், தள்ளுகம்பி வளைகிறது, அல்லது பரப்பில் ஒட்டிய கொம்பின் துளை பெரிதாகிவிட்டது, அல்லது கீல் இறுக்கமாக இருக்கிறது.

நான்காவது சோதனையைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு பறப்பிலும் டிரிம் (பரப்புகளின் நடுநிலைத் திருத்தம்) மாறிக்கொண்டே இருக்கும் விமானத்துக்கு இதுதான் காரணம். தள்ளுகம்பியை நடுவில் ஒரு வழிகாட்டிக் குழாயால் தாங்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

அசைவின் அளவும் முக்கியம். எய்லரானுக்கும் எலிவேட்டருக்கும் மேலும் கீழும் 10 மி.மீ., ரட்டருக்கு 20 மி.மீ. தொடக்கத்துக்குப் போதும். டிரான்ஸ்மிட்டரில் 30 சதவீத எக்ஸ்போ வைத்தால் நடுப்பகுதி மென்மையாகும். அசைவு அதிகமாக இருப்பதால் துள்ளும் விமானத்தை நிலையில்லாத விமானம் என்று தவறாக எண்ணுவதுண்டு.

கைவீச்சுச் சோதனை

மோட்டாரை இயக்காமல், உயரமான புல்லின்மேல், எதிர்க்காற்றில், தோள் உயரத்திலிருந்து மூக்கை இம்மியளவு தாழ்த்தி நேராக எறிய வேண்டும். மேல்நோக்கி எறிவதுதான் வழக்கமான தவறு.

- 8 முதல் 10 மீட்டர் நேராகச் சறுக்கி இறங்கினால் தயார்.
- மூக்கு எழுந்து, தயங்கி, குத்தினால் வால் கனம் அல்லது எலிவேட்டர் மேலே நிற்கிறது.
- எறிந்த உடனே குத்தினால் மூக்கு கனம், அல்லது எறிந்த வேகம் போதவில்லை.
- ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் திரும்பினால் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

நான்காம் படி: மோட்டாரின் கோணம்

சறுக்கும்போது ஒழுங்காக இருந்து, மோட்டாரை முடுக்கியதும் மூக்கைத் தூக்கினாலோ இடப்பக்கம் இழுத்தாலோதான் மோட்டாரைத் தொட வேண்டும். முன்னால் மோட்டார் உள்ள விமானத்தில் அது 2 முதல் 3 டிகிரி கீழேயும், 2 டிகிரி அளவு வலப்பக்கமும் பார்ப்பது வழக்கம். மோட்டார் தாங்கியின் மேல் திருகுகளுக்கும் கீழ்த் திருகுகளுக்கும் இடையே 25 மி.மீ. இருந்தால், மேல் திருகுகளின் பின்னால் வைக்கும் 1 மி.மீ. வாஷர் 2.3 டிகிரி கீழ்நோக்கைத் தரும். புரொப்பெல்லரின் எழுத்து உள்ள பக்கம் பறக்கும் திசையை நோக்கி இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடலாம்.

வானில் தெரியும் அறிகுறிகள்

முதல் பறப்பில் 30 முதல் 50 மீட்டர் உயரம் ஏறி, பாதி முடுக்கத்தில் நேராகப் போகும்படி டிரிம் செய்ய வேண்டும். அதன் பிறகே அறிகுறிகளுக்குப் பொருள் உண்டு.

அலை அலையாக ஏறி இறங்குதல். இதில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறு வேறு. வேகமாக, படபடவென்று, ஒவ்வொரு எலிவேட்டர் அசைவுக்கும் மிகையாகத் துள்ளினால் வால் கனம். உடனே இறக்கி பேட்டரியை முன்னே தள்ள வேண்டும். நாலைந்து நொடிக்கு ஓர் அலை வீதம், ஏறும்போது வேகம் குறைந்து இறங்கும்போது கூடினால், மூக்கு கனத்த விமானத்துக்கு எலிவேட்டரை மேலே ஏற்றி ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது பேட்டரியை 5 மி.மீ. பின்னே தள்ளி டிரிமைக் குறைக்க வேண்டும்.

ஐயம் இருந்தால் குத்துச் சோதனை செய்யலாம். 50 மீட்டர் உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, மூக்கை 30 டிகிரி தாழ்த்தி, குச்சியை விட வேண்டும். தானாக மெல்ல எழுந்தால் சரி. சடாரென்று எழுந்தால் மூக்கு கனம். இன்னும் செங்குத்தாகக் குத்தினால் வால் கனம். தளர்வான வாலும் வேகத்தில் வளைந்து இதே தோற்றத்தைத் தரும் என்பதால், வாலை விரலால் அழுத்திப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

வாலை ஆட்டிக்கொண்டே போதல். மீன் நீந்துவதுபோல் மூக்கு இடமும் வலமும் ஆடி, இறக்கையும் கூடவே அசைந்தால், இறக்கைகள் மேல்நோக்கி மடிந்திருக்கும் அளவுக்குச் செங்குத்து வால் போதவில்லை. ஓர் அட்டைத் துண்டை டேப்பால் ஒட்டி வாலை 2 செ.மீ. உயர்த்திப் பார்க்கலாம். குணமானால் நிரந்தரமாகச் செய்துவிடலாம்.

திரும்பும்போது உள் இறக்கை சட்டென்று கவிழ்தல். வேகம் குறைந்துவிட்டது. மூக்கைத் தாழ்த்தி முடுக்க வேண்டும். எலிவேட்டரை இழுக்கவே கூடாது. இரு எய்லரான்களையும் 2 மி.மீ. மேலே நிறுத்தினால் இந்தக் குணம் அடங்கும். மறுபடி மறுபடி வந்தால் விமானம் கனத்துவிட்டது என்று பொருள். எடுத்துக்காட்டு விமானத்தில் ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கைக்கு 39 கிராம் வருகிறது. பழகுநருக்கு இதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பழுதுபார்க்கும் பசையெல்லாம் எடைதான்.

ரீங்கார ஒலி. எய்லரானோ எலிவேட்டரோ படபடத்து அடிக்கிறது. உடனே மோட்டாரைக் குறைத்து இறக்க வேண்டும். இன்னொரு சுற்று போனால் அந்தப் பரப்பே கழன்றுவிடும். கீலையும் கம்பியின் ஆட்டத்தையும் சரிசெய்து, கம்பியைக் கொம்பின் வெளித்துளைக்கு மாற்ற வேண்டும்.

இடையிடையே தானாகத் துள்ளுதல். இது பறப்புக் கோளாறே அல்ல, மின் கோளாறு. ரிசீவர் ஆண்டெனாவின் 31 மி.மீ. நுனி கார்பன் குழாயையோ பேட்டரியையோ ஒட்டிக் கிடக்கிறதா, ஏதாவது ஒரு சர்வோ சிக்கி மின்சாரத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் தூரச் சோதனை முடிக்காமல் மறுபடி ஏற்றக் கூடாது.

காற்றா, கோளாறா?

பினாங்கில் விடிந்தபின் முதல் இரண்டு மணி நேரமே நம்பகமான சோதனை நேரம். முற்பகல் கடந்ததும் கடற்காற்று எழும். மலையடிவாரத்திலும் அடுக்குமாடிகளின் பின்புறமும் அது சுழன்று உருளும். ஒரு தடுப்பின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை கொந்தளிப்பு இருக்கலாம். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையும் முழுக்க நம்பத்தக்கதல்ல. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ராக் காற்றுமழை சில நிமிடங்களில் வானத்தைப் புரட்டிவிடும். மேற்கே இருண்டால் இறக்கிவிட வேண்டும்.

பிரித்தறியும் வழி: எதிர்க்காற்றில் ஒருமுறை, பின்காற்றில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை நேராகப் பறக்கவிட வேண்டும். மூன்று திசையிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் கோளாறு விமானத்தில். திசைக்கேற்ப மாறினால் காற்று. அன்றைக்கு எதையும் திருத்தாமல் வீடு திரும்புவதே சரி.

கைரோ

ரிசீவருடன் சேர்ந்து வரும் நிலைநிறுத்தும் கைரோ காற்று நாளில் உதவும். ஆனால் மேலே சொன்ன நான்கு படிகளும் கைரோ அணைந்த நிலையில் முடிந்திருக்க வேண்டும். வால் கனத்த விமானத்தைக் கைரோ தாங்கிப் பிடிக்கும். வேகம் குறைந்து இறங்கும் நேரத்தில் பரப்புகளுக்கு வலு போய்விட, அப்போது கைவிடும். பொருத்தியபின் விமானத்தைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாய்த்தால் வல எய்லரான் கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் எழ வேண்டும். எதிராக அசைந்தால் கைரோவே விமானத்தைக் கவிழ்க்கும்.

உடலைக் கைவிடும் தருணம்

இறக்கையின் நடுத்தண்டு முறிந்தாலோ, வால்பகுதி ஒரே இடத்தில் இரண்டாம் முறை ஒடிந்தாலோ, பழுதுபார்ப்பால் எடை 10 சதவீதம் கூடினாலோ அந்த உடலைத் தொடர்ந்து திருத்துவதில் பயனில்லை. மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சர்வோ, ரிசீவர் ஆகியவற்றைக் கழற்றி, சர்வோ பற்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, புதிய அட்டையில் வெட்டத் தொடங்கலாம். பழைய உடலைப் பிரித்து எறியும் முன் எடை மையத்தின் கோடு, மோட்டார் வாஷரின் தடிமன், கடைசியாக நின்ற டிரிம் அளவு மூன்றையும் குறித்துக்கொண்டால் புதிய விமானத்தின் முதல் பறப்புக்கு அவையே தொடக்க அளவுகள்.